தார்ப்பாய் போடாத லாரி

1

இந்த ஊரில் பிக்கப் டிரக் வைத்திருப்பவனுக்குச் சனி, ஞாயிறு கிடையாது. ஓய்வு பெற்ற வருடம், தோட்டத்துக்கு மண்ணும் எருவும் ஏற்றி வரலாம் என்று பழைய வண்டி ஒன்றை வாங்கினேன். டெக்சாஸ் வெயிலில் கத்தரிச் செடிகூட நிற்கவில்லை. தோட்டத்துக்குப் பதிலாகத் தொலைபேசி அழைப்புகள்தான் வந்தன. "அங்கிள், சனிக்கிழமை ஃப்ரீயா? ஒரு ஃப்ரிட்ஜ் எடுக்கணும்." ஹூஸ்டனின் மேற்கு ஓரத்தில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு நான் 'டிரக் அங்கிள்'. நெல்லையில் பதினைந்து வருடமும் இங்கே இருபத்தேழு வருடமும் இயற்பியல் பாடம் நடத்தியவன் என்பது யாருக்கும் நினைவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஃப்ரிட்ஜ் நகர்த்துவதிலும் இயற்பியல்தான் இருக்கிறது.

வண்டியின் பின்தொட்டிக்கு ஒரு கெட்டி மூடி போட்டிருக்கிறேன். மூன்றாக மடியும், பூட்டலாம். மளிகை, பெட்டி, படுக்கை என்று எதை வைத்தாலும் மழை படாது, யார் கண்ணிலும் படாது. ஆனால் பெரிய சாமான்களுக்கு அது உதவாது. தொட்டியின் ஆழம் இரண்டடிக்கும் குறைவு. ஃப்ரிட்ஜைப் படுக்க வைத்தாலும் மூடிக்கு மேலே ஒரு முழம் நிற்கும். படுக்க வைக்கவும் கூடாது. கம்ப்ரசரில் இருக்கும் எண்ணெய் குழாய்க்குள் ஏறிவிடும். அப்புறம் நிமிர்த்தி வைத்து, எண்ணெய் இறங்கும்வரை மணிக்கணக்கில் காத்திருந்துதான் கரண்ட் கொடுக்க வேண்டும். ஆகவே மூடியை மடித்து முன்பக்கம் ஒதுக்கி, ஃப்ரிட்ஜை நிறுத்தி, கம்பளி சுற்றி, பட்டை போட்டு இறுக்கி, ஊர் பார்க்கத்தான் கொண்டுபோக வேண்டும். இதை எத்தனையோ இளைஞர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, என் மகள் வீட்டு வாசலில், நானே இதையெல்லாம் மறந்துபோனவன் மாதிரி ஒரு மணி நேரம் அந்த மூடியோடு மல்லுக்கட்டினேன். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள் செண்பகம், என் மனைவி கோமதியின் தங்கை. வள்ளியூரிலிருந்து இரண்டு மாதத்துக்கு வந்திருந்தாள். அவளிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்று நாற்பத்து நான்கு வருடமாகப் பாக்கி இருந்தது. அவள் ஊர் திரும்புவதற்குள் சொல்லியாக வேண்டும். அவளுக்கு அறுபத்து மூன்று, எனக்கு எழுபத்திரண்டு. இன்னொரு பயணம் இருவருக்குமே நிச்சயமில்லை.

2

முதலில் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கும் கோமதிக்கும் கல்யாணம் பேசியபோது, வரதட்சணையும் சீரும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். கல்லூரியில் அதைப் பற்றிப் பேசிப் பேசி எனக்கு ஒரு பெயர் ஏற்பட்டிருந்தது. என் மாமனார் சங்கரலிங்கம் வள்ளியூரில் வாழைக்காய் மண்டி வைத்திருந்தார். வாங்குகிறவர், விற்கிறவர் எல்லோருக்கும் அவர் 'மண்டி அண்ணாச்சி'. நான் சொன்னதற்கு அவர் மறுபேச்சுப் பேசவில்லை. கல்யாணமும் அப்படியே நடந்தது.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்தேன். எங்கள் வீடு திருநெல்வேலி டவுணில், தெற்கு ரத வீதிக்குப் பின்னால் ஒரு குறுக்குத் தெருவில் இருந்தது. வாசலில் வள்ளியூர் லாரி. உள்ளே முன் அறையில் ஒரு ஃப்ரிட்ஜ். கதவில் சந்தனம் தொட்டு, குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள். எங்கள் தெருவில் அப்போது யாரிடமும் ஃப்ரிட்ஜ் கிடையாது. மாமனார் அதன் பக்கத்தில், புதுத் துண்டு தோளில் போட்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்போல் நின்றிருந்தார். வாழைத்தார் ஏற்றி வந்த லாரியில் தாரோடு தாராக அதையும் ஏற்றி, டிரைவர் பக்கத்தில் தானும் உட்கார்ந்து வந்திருக்கிறார்.

"மாப்ளே, நீங்க சீர் வேண்டாம்னிய, நானும் சரின்னேன். இது சீரு இல்ல. எம்மவ இருக்கற வீட்டுக்கு ஆசைப்பட்டு வாங்கியாந்த ஒரு சாமான். அவ்வளவுதான்."

"சீர்னு பேரு வைக்கலன்னா சீர் இல்லாமப் போயிருமா மாமா? எடுத்துட்டுப் போயிருங்க."

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் மடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்:

"எடுத்துக்கிடுதேன். ஆனா இப்ப வேண்டாம். கல்யாணம் முடிஞ்சு பன்னெண்டு நாள்தான ஆவுது. ரெண்டு மாசம் இங்கன கெடக்கட்டும், நீங்க தொடவே வேண்டாம். இல்ல, இப்பமே போவணும்னா தார்ப்பாயப் போட்டு மூடியாவது அனுப்புங்க. எனக்கு இன்னொரு பொட்டப்புள்ள இருக்கு மாப்ளே."

இதைப் படிக்கும் இளையவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் சீர் சாமான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும்போது திறந்த வண்டியில்தான் போகும். நாலு பேர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அப்படிப் போகும். அதே சாமான் அதே வழியில் திரும்பி வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பெண்ணை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், பெண்ணிடம் ஏதோ குறை. இது எனக்கு நன்றாகத் தெரியும். நான் அந்த மண்ணில் பிறந்தவன்.

"மூடி அனுப்ப இது என்ன திருட்டுச் சாமானா?" என்று கேட்டேன்.

மாமனார் கடைசி பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார். அந்த ஃப்ரிட்ஜோடு திரும்பிப் போக அவருக்கு மனம் வரவில்லை. லாரி டிரைவர் இசக்கி மட்டும் தங்கி, மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வந்தார். அவர் கையில் தார்ப்பாய் இருந்தது.

"சார், அண்ணாச்சி இதக் குடுத்துட்டுப் போயிருக்காவ. மூடிக்கிடவா?"

"வேண்டாம்."

"எதுத்தாப்ல வாரவன் எல்லாவனும் கேப்பான் சார்."

"கேக்கட்டும்."

இதுவரை நடந்தது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். 'அவர் கொள்கைப் பிடிப்புள்ளவர், கொஞ்சம் முரடு' என்று அதற்கு ஒரு விளக்கமும் இருந்தது. இதற்குப் பிறகு நான் டிரைவரிடம் சொன்னதுதான் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். "நேரா ஜங்ஷன் போக வேண்டாம். நாலு ரத வீதியும் ஒரு சுத்து சுத்திட்டுப் போ" என்றேன். மேல ரத வீதியில் எங்கள் துறைத் தலைவர் வீடு. வடக்கு ரத வீதியில் என் மாணவர்கள் நாலைந்து பேர் அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். அவர்கள் எல்லோரும் பார்க்க வேண்டும் என்று விரும்பினேன். காரணம் கொள்கை அல்ல. நான் சொன்னபடி நடக்கிறவன் என்று நாலு பேர் பேச வேண்டும் என்கிற ஆசை, அவ்வளவுதான்.

சாமி தேர் சுற்றும் வழியில், குங்குமப் பொட்டோடு அந்த ஃப்ரிட்ஜ் ஒரு சுற்று சுற்றியது. பிறகு ஆற்றுப் பாலம் ஏறி, பாளையங்கோட்டை தாண்டி, நாங்குநேரி வழியாக வள்ளியூர் போனது. அன்று அங்கே சந்தை நாள்.

அடுத்த வாரம் செண்பகத்தைப் பெண் பார்க்க வருவதாக இருந்த களக்காட்டுக்காரர்கள் வரவில்லை. ஆள்விட்டுக் கேட்டதற்கு, "மூத்தவ வெவகாரம் மொதல்ல தெளியட்டும்" என்றார்களாம். அப்போது அவளுக்கு வயது பத்தொன்பது. அதன்பிறகு வந்த ஒன்றிரண்டு இடங்களும் அதே கேள்வியைக் கேட்டன. பிறகு அவளே போதும் என்று சொல்லிவிட்டாள். ஆசிரியப் பயிற்சி முடித்து, நாங்குநேரிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

மாமனார் என்னிடம் முகம் கோணவில்லை. மாதம் ஒரு தடவை மட்டிப் பழமும் ஏத்தங்காயும் கொண்டுவருவார். "மாப்ளே, சொகமா இருக்கியளா?" என்பார். நான் காப்பி குடிக்கச் சொல்வேன். நான் நாட்டைவிட்டு வரும்வரை பதினொரு வருடம் இப்படியே போனது. அவர் இறந்தபோது நான் இங்கே இருந்தேன். தேர்வு நேரம், விடுப்புக் கிடைக்கவில்லை என்று சொன்னேன். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்.

3

செண்பகத்துக்கு விசா கிடைத்ததே ஒரு கதை. என் வங்கிக் கணக்கு, வீட்டுப் பத்திரம், வரி கட்டிய தாள் எல்லாம் அனுப்பினேன். அந்தக் கட்டைத் தூதரக அதிகாரி பிரித்துக்கூடப் பார்க்கவில்லையாம். "நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று எப்படி நம்புவது?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

"எங்க வீட்டுக் கறிவேப்பிலை மரத்துக்கு நானில்லன்னா யாரு தண்ணி ஊத்துவான்னு கேட்டேன். மொழிபெயர்க்கிற பொண்ணு அதைச் சொல்லிச்சு. அந்தத் தொரை சிரிச்சுட்டு சீல் போட்டுட்டாரு" என்றாள்.

விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். கோமதி பின் இருக்கையிலிருந்து வழி நெடுக ஊர்க்கதை கேட்டுக்கொண்டு வந்தாள். இன்னொரு நாள் காலை நடை போகும்போது ஆரம்பித்தேன். "செண்பகம், ஒரு விஷயம்" என்றேன். "என்னத்தான், மூச்சு வாங்குதா?" என்று என்னைப் பிடித்து ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டாள். இப்படியே ஐந்து வாரம் போய்விட்டது. கோமதிக்கு என் தவிப்பு தெரியும். அவள் எடுத்துக்கொடுக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. நாற்பத்து நான்கு வருடத்தில் அந்த லாரியைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அந்த ஐந்தாவது வாரத்தில்தான் உமாவின் செய்தி வந்தது. எங்கள் ஒரே மகள். பக்கத்து நகரில் சொந்த வீடு, ஒன்பது வருடத்து மணவாழ்க்கை. பிள்ளை இல்லை. கைபேசியில் நான்கு வரி எழுதியிருந்தாள். இருவரும் யோசித்துப் பிரிந்துவிட முடிவு செய்துவிட்டதாகவும், சண்டை எதுவும் இல்லை என்றும், தான் ஒரு அபார்ட்மெண்ட் பார்த்துவிட்டதாகவும். கடைசி வரி: 'அப்பா, சனிக்கிழமை டிரக் கிடைக்குமா?'

பெற்றவனிடம் ஆலோசனை கேட்கவில்லை, வண்டி கேட்டிருக்கிறாள். முதலில் கோபம் வந்தது. பிறகு, வண்டியாவது கேட்டாளே என்று தோன்றியது. இங்கே பிள்ளைகள் நம்மைவிட்டுத் தள்ளிப் போவது ஒரு நாளில் நடப்பதில்லை. தமிழில் பேசுவது குறையும், அப்புறம் நீளமாகப் பேசுவது குறையும், கடைசியில் சௌகரியமா, சாப்பிட்டாயா என்ற இரண்டு கேள்விகளில் வந்து நிற்கும். பள்ளிக்கூடம், படிப்பு எல்லாம் சரியாக அமைத்துக் கொடுத்துவிட்டு, அவளோடு பேசுவதை நான் கோமதியிடம் விட்டுவிட்டேன். அதுவும் என் தப்புதான். ஆனால் இன்று அதைப் பற்றி எழுத உட்காரவில்லை.

4

எடுக்க வேண்டிய பெரிய சாமான்கள் மூன்று: ஃப்ரிட்ஜ், துணி துவைக்கும் இயந்திரம், உலர்த்தும் இயந்திரம். ஃப்ரிட்ஜ் நான் வாங்கிக் கொடுத்தது. அவர்கள் அந்த வீட்டில் பால் காய்ச்சிய அன்று, இரட்டைக் கதவு வைத்ததாகப் பார்த்து, கடைக்காரர்கள் கொண்டுவருவதற்குள் பொறுமை இல்லாமல் என் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போனேன். சீர் வேண்டாம் என்று சொன்னவன் மகளுக்கு ஃப்ரிட்ஜ் கொடுத்தான். அன்று எனக்கு அது உறைக்கவில்லை. 'ஆசைப்பட்டு வாங்கியாந்த சாமான்' என்றுதான் என் மனதிலும் இருந்தது.

மருமகன் நல்ல பையன். அன்று வெளியே போயிருக்கும்படி இருவரும் பேசி வைத்திருந்தார்கள். சாமான்களைக் கழற்றி, குழாய்களைச் சுற்றி, ஃப்ரிட்ஜ் கதவுகளை ஒட்டிக் கட்டி, எல்லாவற்றையும் வாசல்வரை தள்ளி வைத்துவிட்டே போயிருந்தான்.

கோமதி உள்ளே பாத்திரங்களைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் வண்டியைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்தினேன். இறங்கி நிமிர்ந்தபோதுதான் தெரு கண்ணில் பட்டது. எதிர் வரிசையில் இரண்டு தமிழ் வீடுகள், மூலையில் ஒன்று. மூன்று வீட்டுக்கும் நான் சாமான் ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். எதிர்வீட்டுப் பெண் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். "ஹாய் அங்கிள், யாருக்கு ஷிஃப்டிங்?" என்று கையாட்டினாள்.

பொய்யாக என்னவோ சொன்னேன். அப்புறம் மூடியை விரித்தேன். உமாவோடு சேர்ந்து துவைக்கும் இயந்திரத்தைத் தொட்டியில் ஏற்றிச் சாய்த்துப் பார்த்தேன், மூடி ஒரு சாண் தூக்கி நின்றது. குறுக்காகத் திருப்பினேன். தலைகீழாகக்கூட வைத்துப் பார்த்தேன். ஃப்ரிட்ஜின் அகலத்தை அளந்தேன், தொட்டியின் ஆழத்தை அளந்தேன், மறுபடி அளந்தேன். அளக்க அளக்கக் குறையும் என்று நினைத்தேனோ என்னவோ.

"அப்பா, ஃப்ரிட்ஜை நிக்க வச்சுதான் கொண்டுபோகணும்னு நீங்கதானே எல்லாருக்கும் க்ளாஸ் எடுப்பீங்க?" என்றாள் உமா.

"கிட்டத்துலதானம்மா போறோம். படுக்க வச்சா ஒண்ணும் ஆகாது."

"அபார்ட்மெண்ட்ல சாமான் ஏத்த லிஃப்ட் பத்து மணியிலேர்ந்து பன்னெண்டு வரைக்கும்தான்பா. விட்டா அடுத்த வாரம்தான்னு அங்க ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. ப்ளீஸ்."

செண்பகம் ஸ்டூலைவிட்டு எழுந்தாள்.

"அத்தான், ஒரு மணி நேரமா என்ன பண்ணுதிய?"

"மூடப் பாக்கேன்."

"எதுக்கு?"

"மழை வந்தாலும் வரும்."

அவள் வானத்தைப் பார்த்தாள். ஒரு மேகம் இல்லை. எதிர்வீட்டுப் பெண்ணைப் பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து, உமாவுக்குக் கேட்காதபடி சொன்னாள்:

"எங்கப்பாவும் இதுக்குத்தான் அத்தான் கெஞ்சினாரு."

குரலில் கோபம் இல்லை. வகுப்பில் விடை தெரியாமல் நிற்கும் பையனுக்கு எடுத்துக்கொடுப்பதுபோல் சொன்னாள். நான் மூடியை மடித்தேன். மூன்று பேரும் சேர்ந்து ஃப்ரிட்ஜைத் தள்ளுவண்டியில் ஏற்றி, பலகைமேல் உருட்டி, தொட்டிக்குள் நிமிர்த்தி நிறுத்தினோம். மற்ற இரண்டு இயந்திரங்களையும் அதன் பக்கத்தில் ஏற்றினோம். செண்பகம் பட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டு, "பைய, பைய... இங்கன இழுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எதிர்வீட்டுப் பெண் குழாயை நிறுத்திவிட்டு வந்து ஒரு பக்கம் பிடித்தாள். எதுவும் கேட்கவில்லை. போகும்போது உமாவை ஒரு தடவை கட்டிக்கொண்டாள்.

5

உமாவும் கோமதியும் காரில் முன்னால் போனார்கள். செண்பகம் என்னோடு ஏறிக்கொண்டாள். ஃப்ரிட்ஜ் நிற்கும்போது வேகமாகப் போக முடியாது. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் எங்களைத் தாண்டி முன்னால் போனார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவரவருக்கு அவரவர் வேலை.

முதல் சிக்னலில் ஆரம்பித்தேன்.

"செண்பகம், உங்க அப்பா கேட்டும் நான் மூடாம அனுப்பினேன். அதைவிட மோசம் ஒண்ணு இருக்கு. டிரைவர்கிட்ட நாலு ரத வீதியும் சுத்திட்டுப் போகச் சொன்னது நான்தான். எல்லாரும் பாக்கணும்னு வேணும்னே சொன்னேன். இது ஒருத்தருக்கும் தெரியாது."

"தெரியுமே."

"என்ன?"

"இசக்கியண்ணன் அன்னைக்கே வந்து சொல்லிட்டாரு. 'அண்ணாச்சி, ஒங்க மருமவன் தேரோட்டம் நடத்திட்டாருவே'ன்னு. அப்பா அவருகிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாரு, இத வெளிய சொல்லக்கூடாதுன்னு. அக்காவுக்கும் தெரியும்."

பச்சை விழுந்ததுகூடத் தெரியவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். வண்டியை ஒரு பெட்ரோல் பங்கில் ஓரமாக நிறுத்தினேன்.

நாற்பத்து நான்கு வருடம் நான் மறைத்து வைத்திருந்ததை என்னைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் தெரிந்தே என்னோடு சாப்பிட்டு, சிரித்து, பண்டிகை கொண்டாடியிருக்கிறார்கள்.

"நீங்க அழுவதுக்கு இப்ப நேரமில்ல. லிஃப்டு பன்னெண்டு மணிக்குப் பூட்டிருவான்" என்றாள். ஆனால் வண்டியை எடுக்கச் சொல்லவில்லை.

"உன் வாழ்க்கையையே..."

"என் வாழ்க்கைக்கு என்ன? அந்தக் களக்காட்டு மாப்பிள்ளைய நான் கண்ணால கண்டதில்ல. அவரு எப்படிப்பட்ட ஆளோ. நான் படிச்சேன், முப்பத்தாறு வருசம் பள்ளிக்கூடத்துல வேல பாத்தேன், எங்கிட்டப் படிச்ச புள்ளைங்க இன்னைக்கும் என்ன ரோட்டுல நிறுத்திக் கால்ல விழுது. கொஞ்ச நாள் அழுதேன், இல்லங்கல. உங்க மேல ஆத்திரமும் இருந்துச்சு. அது போயிட்டு. எனக்காக நீங்க அழ வேண்டாம்."

பிறகு, "அப்பா விசயம்தான் எனக்கு ஆறல" என்றாள்.

அப்போதுதான் எனக்குத் தெரியாத பாதியைச் சொன்னாள். லாரி வந்து நின்றதிலிருந்து சந்தைக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து கேட்டிருக்கிறார்கள். மாமனார் எல்லோரிடமும் ஒரே பதில்தான் சொன்னாராம்: "மாப்ள வீட்ல ஏற்கெனவே இதவிடப் பெரிய ஃப்ரிட்ஜ் ஒண்ணு இருக்கு. எனக்குத் தெரியாமப் போச்சு. ஒரே வீட்ல ரெண்டு எதுக்குன்னு நாந்தான் திருப்பிட்டேன்."

டவுணிலிருந்து வள்ளியூருக்குத் தினமும் ஆள் போய்வருகிற காலம். என் வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது என்பது இரண்டே நாளில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவர் மாற்றிச் சொல்லவில்லை. சிரித்தார்கள், அதையே சொன்னார். மண்டியில் நாற்பது வருடம் ஒரு தாரின் எடையைக்கூடக் கூட்டிச் சொல்லாத மனிதர். "பொய்யி அண்ணாச்சி, ஏத்தங்கா என்ன வெல?" என்று தரகர்கள் முகத்துக்கு நேரே கேட்கும்படி ஆயிற்று. சாகும்வரை அந்தப் பெயர் போகவில்லையாம்.

"ஏன் அப்படிச் சொன்னாரு?" என்று கேட்டேன். பதில் தெரிந்தும் கேட்டேன்.

"வேற என்னத்தச் சொல்லுவாரு? மாப்ள வேண்டாம்னுட்டாருன்னு சொன்னா அக்காவுக்குக் கொற. ஊரு பாக்க அனுப்பினாருன்னு சொன்னா உங்களுக்குக் கொற. ரெண்டு பேரையும் விட்டுட்டு, கொறைய அவரு எடுத்துக்கிட்டாரு."

பிறகு மன்னிப்புக் கேட்டேன். அந்த வார்த்தையைச் சொல்லியே கேட்டேன். செண்பகம் கண்ணாடி வழியாகப் பின்னால் நிற்கும் ஃப்ரிட்ஜைப் பார்த்தாள்.

"தெருவுல வச்சு செஞ்சதுக்கு, வண்டிக்குள்ள கதவச் சாத்திக்கிட்டு எங்கிட்ட மட்டும் மன்னிப்புக் கேட்டா எப்படி அத்தான்? நாலு வீதி சுத்தினிய இல்ல? நீங்கதான் ஊர்ப் பத்திரிகைக்கெல்லாம் இங்க இருந்து எழுதுதியளே. ஒரு தடவ பனி விழுந்ததப் பத்தி எழுதினிய, ஒரு தடவ அணில் வந்தத எழுதினிய. இத எழுதுங்க. அப்பா பேரப் போட்டு எழுதுங்க."

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அபார்ட்மெண்ட் போய்ச் சேர்ந்தோம். அலுவலகத்தில் இருந்த இளைஞன் சாமான்களுக்குக் காப்பீட்டுச் சான்று கேட்டான். கூலி ஆட்கள் வந்தால்தான் அது வேண்டுமாம். "ஆட்கள் எங்கே?" என்றான். செண்பகம் தன்னையும் என்னையும் கோமதியையும் விரலால் காட்டினாள். மூவரின் வயதையும் கூட்டினால் இருநூறுக்குமேல் வரும். அவன் சிரித்துக்கொண்டே வந்து லிஃப்டை எங்களுக்காகப் பிடித்து நிறுத்தினான்.

6

அன்றிரவே எழுத உட்கார்ந்தேன். நான்கு தடவை எழுதினேன். செண்பகம் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பென்சிலோடு படித்தாள்.

"'மாபெரும் தவறு'ன்னு எதுக்கு? என்ன செஞ்சியளோ அத எழுதுங்க, போதும். 'கண்ணீர் பெருகியது', இத எடுங்க. 'காலத்தின் கோலம்'... காலம் என்னத்தான் பண்ணிச்சு? லாரிய அனுப்பினது நீங்க."

மூன்றாவது பிரதியைக் கோமதி சமையலறை மேடையில் வைத்துப் படித்தாள். படித்து முடித்து, தாளை மடித்து என்னிடம் கொடுத்தாள்.

"ஸ்டாண்டப் பத்தி எழுதலியே" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"ஃப்ரிட்ஜுக்கு அப்பா ஒரு இரும்பு ஸ்டாண்டு கொண்டாந்தாங்க. உங்க வீட்ல தண்ணி ஊத்திக் கழுவுவாங்கன்னு, பேட்டைல பட்டறைக்கு ரெண்டு தடவ அலைஞ்சு, ஒசரம் சொல்லி அடிச்சு வாங்கினது. லாரில ஏத்தும்போது அது மட்டும் விட்டுப்போச்சு. உங்கம்மா அதுமேல அரிசி டின்னை வச்சாங்க. நான் தெனமும் அதுல இருந்துதான அரிசி எடுத்தேன்."

அந்த ஸ்டாண்டு எனக்கு நினைவிலேயே இல்லை. அவள் அதை நாற்பத்து நான்கு வருடம் கழித்து, கைகழுவிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஈரமாக இருந்தது. "விடுங்க, குழம்பு அடுப்புல கெடக்கு" என்றாள். ஆனால் உடனே இழுத்துக்கொள்ளவில்லை.

7

செண்பகம் நேற்று ஊருக்குத் திரும்பிவிட்டாள். இந்தக் கட்டுரை வரும் பத்திரிகையை வள்ளியூரில் ஐந்தாறு வீட்டுக்காவது தானே கொண்டுபோய்க் கொடுக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். அப்பாவை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களில் இரண்டு பேர் இன்னும் இருக்கிறார்களாம். அவர்களுக்காக, அவள் பென்சிலால் திருத்திக் கொடுத்தபடி, சுருக்கமாக எழுதுகிறேன்.

வள்ளியூர் வாழைக்காய் மண்டி சங்கரலிங்கம் அண்ணாச்சி தன் மூத்த மகளுக்கு ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கிக் கொடுத்தார். அதைத் திருப்பி அனுப்பியவன் நான். மூடாமல் அனுப்பியவனும், டவுணில் நாலு ரத வீதியும் சுற்ற வைத்தவனும் நான். அவர் மகள்கள் இருவரிடமும் எந்தக் குறையும் இல்லை. மாப்பிள்ளை வீட்டில் பெரிய ஃப்ரிட்ஜ் இருந்தது என்று அவர் உங்களிடம் சொன்ன பொய் அவருக்காகச் சொன்னதல்ல, எனக்காகச் சொன்னது.

எங்கள் வீட்டில் அப்போது ஃப்ரிட்ஜ் இல்லை. அதற்கப்புறம், நான் நாட்டைவிட்டு வரும்வரை, பதினொரு வருடமும் இல்லை.